ஆற்றுக்குப் போகும் சந்து

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)



 அழைப்பிதழில் ‘ஆண்டறிக்கை, வரவு செலவு, கல்வி உதவித்தொகை, இதர’ என்று நான்கு பொருள்கள் போட்டிருந்தோம். வரவு செலவு அச்சிட்டு உங்கள் கையில் இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. ஆகவே மிச்ச நேரம் முழுவதையும் அந்த ‘இதர’வுக்கே எடுத்துக்கொள்கிறோம். பொதுவாக ‘இதர’ என்றால் டீ குடித்துவிட்டுக் கலைவதுதான் நம் வழக்கம். இந்த முறை கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். நம் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் துடுப்புப் பயிற்சி நடந்து வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நம் சகோதரர் ஒருவர் தன் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்த நான்கு கயாக்குகளை வைத்து ஆரம்பித்தார்கள். கயாக் என்றால் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் அலகுள்ள ஒரே துடுப்பால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ளுகிற சின்னத் தோணி. ஒலிம்பிக்கில் 1936-லிருந்து இருக்கிற விளையாட்டு. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டு இளைஞர்கள் இருவர் இதன் உடன்பிறப்பான கேனோவில் வெண்கலம் வாங்கினார்கள். நம் பள்ளியில் பதக்கம் யாருடைய மனதிலும் இல்லை. ஆற்றை ஒட்டி வாழ்கிற பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றிய பயமும் வேண்டாம், அசட்டுத் துணிச்சலும் வேண்டாம் என்பதுதான் நோக்கம். 8, 9 வகுப்புப் பிள்ளைகள் 26 பேர். அதில் 9 பேர் பெண் பிள்ளைகள்.

அந்தப் பயிற்சி கடந்த ஐந்து மாதமாக நின்று கிடக்கிறது. மழைக்காலத்தில் நிறுத்துவது வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாற்றில் புதுவெள்ளம் வரும்போது யாரும் தோணி இறக்கக் கூடாது. இது மழையால் நின்றதல்ல. ஒரு பையனின் உள்ளங்காலில் ஏழு தையல் போட்டதால் நின்றது.

எப்படி ஆயிற்று என்றால், பழைய படித்துறையில் கடைசி ஐந்தாறு படிகள் இடிந்து போயிருக்கின்றன. ஏற்றத்தின்போது தண்ணீர் மேல்படி வரை வருவதால் ஒன்றும் தெரியாது. வற்றத்தில் பார்த்தால் இடிந்த கல், அதன்மேல் கத்தி மாதிரி ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு, அதற்கு அப்பால் முழங்கால் புதைகிற சேறு. சிப்பி போதாதென்று மனிதர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் வேறு. பயிற்சிக்குப் போகும்போது ஏற்றம். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது தண்ணீர் இறங்கிவிட்டது. கயாக்கைக் கரைக்கு இழுப்பதற்காக இறங்கிய பையன் சிப்பியில் கால் வைத்துவிட்டான். கூட வந்த ஆசிரியர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். மறுநாளே தலைமையாசிரியர் நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். நாங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்போம்.

பிறகு பள்ளிக்கூடத்தார் எங்களிடம் வந்தார்கள். ‘பணம் வேண்டாம், தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும்’ என்றார்கள். நாங்கள் ஆறுதல் சொல்லி, பார்க்கலாம் இன்ஷா அல்லாஹ் என்று அனுப்பிவைத்தோம். நம் ஊரில் இன்ஷா அல்லாஹ் என்ற சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று ஹஜ்ரத் அவர்கள் ஒரு ஜும்ஆவில் தனியாகப் பேசினால் நல்லது.

ஆனாலும் நாங்கள் நான்கு பேர் ஒரு காலை கரையோரமாக நடந்து பார்த்தோம். ஆறு நம் ஊருக்குத் தெற்கே இவ்வளவு நீளத்துக்கு ஓடுகிறது. அதில் ஒரு பிள்ளை கால் நனைக்கிற மாதிரி வழி எங்கே இருக்கிறது? படகு இறங்குதுறை ஒன்று இருக்கிறது. அது மீனவர்களின் வயிற்றுப்பாடு. விடியற்காலையில் மீன் ஏலம், ஐஸ் பெட்டி, இன்ஜின் படகு, காயப்போட்ட வலை. அங்கே பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவது அவர்களுக்கும் இடைஞ்சல், பிள்ளைகளுக்கும் ஆபத்து. அடுத்தது நாம் சொன்ன இடிந்த படித்துறை. அதற்கு அப்பால் வேலி, மதில், வேலி, மீண்டும் மதில். வீட்டுக்காரர்கள் கட்டியது, இறால் குட்டைக்காரர்கள் போட்டது. நடுவில் நீளமான முள்கம்பி வேலி ஒன்று. அதற்குள் தென்னந்தோப்பு. இரும்புக் கதவு, பூட்டு. அந்தத் தோப்பு யாருடையது?

நம்முடையது. இந்த அறக்கட்டளையின் தோப்பு. நாம் குத்தகைக்கு விட்டிருக்கிறோம்.

பூட்டுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தோம். தோப்பின் மேற்கு ஓரம் கரை மெதுவாகச் சரிந்து இறங்குகிறது. அடியில் மணல் திட்டு, சேறு குறைவு. இடிந்த கல் இல்லை. கயாக் இறக்க இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை என்று கப்பல்காரச் சகோதரர் சொன்னார். எங்களில் மூத்தவர் ஒருவர், ‘இந்த ஓரத்தில்தானே சின்ன வயதில் நாமெல்லாம் ஆற்றுக்கு இறங்குவோம், சந்து ஒன்று இருந்ததே’ என்றார். அந்த ஒரு பேச்சுதான் எங்களை அலுவலக பீரோவைத் திறக்க வைத்தது.

தோப்பை வக்பு செய்த அந்தப் பெரியவரின் பத்திரம் எழுபது எண்பது வருடத்துக்கு முந்தியது. மடித்த இடமெல்லாம் கிழிந்துபோயிருக்கிறது. அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. நான்கெல்லை விவரத்தில் இரண்டே இரண்டு வரியைப் படித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சொத்து எங்கே இருக்கிறது என்றால், வெள்ளாற்றுக்கு வடக்கு, ஆற்றுக்குப் போகும் சந்துக்குக் கிழக்கு. அதாவது சந்து நம் சொத்தின் எல்லை. எல்லை என்றால் வெளியே இருப்பது. சந்து நம்முடையதல்ல. அந்தப் பெரியவர் எழுதி வைத்தபோதே அது பொதுவழி.

இதோடு விட்டுவிடாமல் கட்டணம் கட்டி சர்வேயரை அழைத்து அளந்தோம். புல வரைபடத்தில் சந்து தெளிவாக இருக்கிறது. புறம்போக்கு என்று இருக்கிறது. தெருவிலிருந்து ஆறு வரை ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். சுமார் 12 வருடத்துக்கு முன் தேங்காய்த் திருட்டு அதிகமாகிறது என்று நாம் வேலி போட்டபோது, சந்தையும் உள்ளே வைத்துப் போட்டுவிட்டோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சந்தின் அந்தப் பக்கம் பாழடைந்த மதில் ஒன்று இருந்தது. மதில் ஓரமாகக் கம்பத்தை நட்டால் கம்பி மிச்சம் என்று வேலை செய்தவர்கள் நட்டுவிட்டார்கள். அன்று நிர்வாகத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களே இதை மேடையில் சொல்லுங்கள் என்றார்கள். ஆகவே சொல்கிறோம். பொதுவழியை அடைத்திருப்பது இந்த அறக்கட்டளை.

ஆறு பொதுவானது என்று நாம் எல்லோரும் சொல்வோம். தண்ணீர், புல், நெருப்பு இந்த மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் வரும் நபிமொழியை நம் மதரஸா பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் தண்ணீரை யாரும் அடைத்து வைப்பதில்லை. தண்ணீருக்குப் போகிற வழியைத்தான் அடைக்கிறார்கள். மதீனாவில் ரூமா கிணறு விஷயத்திலும் அதுதான் நடந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, குடிக்க வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டியிருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அவர்கள் தன் சொந்தப் பணத்தில் வாங்கித் திறந்தார்கள். நாம் வாங்கவே தேவையில்லாததை எட்டு கம்பத்தைப் பிடுங்கித் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எங்களை உறுத்துகிற இன்னொரு விஷயம் உண்டு. அளவெடுக்கப் போன அன்று வேலிக்கு வெளியே மூன்று இருளர் சமூகப் பெண்கள் கூடையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிச்சாவரம் பக்கமெல்லாம் பார்த்திருப்பீர்கள். சர்வேயர் சங்கிலி போடுவதைப் பார்த்து ஒரு பெண் நின்று, ‘வழி விடப் போறீங்களா பாய்?’ என்று கேட்டார். முன்பு இந்தச் சந்து வழியாகத்தான் இறங்குவார்களாம். 12 வருடமாகப் படித்துறையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தலையில் ஈரக் கூடையோடு திரும்பி வரும்போதும் அதே சுற்று. அதே சிப்பியில் அவர்கள் காலும் கிழிந்திருக்கிறது. அவர்களுக்குத் தையல் போட்டதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. நம் பிள்ளையின் காலில் ரத்தம் வந்த பிறகுதான் நமக்கு வேலி கண்ணில் பட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் நிர்வாகக் குழுவில் வந்த ஒரு யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. ‘வேலி இருக்கட்டும், சாவி ஒன்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம், சனிக்கிழமை மட்டும் திறந்துகொள்ளட்டும்’ என்றார்கள். சொன்னவர்கள் தோப்பின் பாதுகாப்பை நினைத்துச் சொன்னார்கள். ஆனால் பொதுவழிக்குச் சாவி கொடுக்க நாம் யார்? சாவி கொடுத்தால் நாளைக்கு அதை வாங்கிக்கொள்ளவும் முடியும். சந்து முழு அகலத்துக்கும் திறக்க வேண்டும், பூட்டு இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கும் இறால் பிடிக்கிறவருக்கும் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வருகிறவருக்கும் ஒரே வழி. வேலியை உள்ளே தள்ளி நம் எல்லையில் போட்டுக்கொள்வோம்.

இதற்கு உங்களில் பலருக்கு ஆட்சேபம் இருக்கும். கடந்த இரண்டு வாரமாகக் கேட்ட ஆட்சேபங்களை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

குத்தகைதாரர் சொல்வது தேங்காய் போகும் என்று. வருடத்துக்கு 42,000 ரூபாய் கொடுக்கிறார். அதில்தான் நம் விதவை உதவித்தொகையில் ஒரு பகுதி போகிறது. மேற்கு வரிசையில் 11 மரம் சந்துக்கு நெருக்கமாக வரும். அவரோடு உட்கார்ந்து பேசினோம். வேலியை நம் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்து, இந்த ஒரு வருடத்துக்கு 4,000 குறைத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த 4,000-ஐ உதவித்தொகையில் தொடாமல் நிர்வாகிகள் நாங்கள் எங்களுக்குள் போட்டுக்கொள்கிறோம். தவறு நிர்வாகத்துடையது, விதவைகளுடையது அல்ல.

வக்பு சொத்து போய்விடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தக் காலத்தில் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே ஒரு அடி வக்பு நிலமும் போகவில்லை. நம் பத்திரத்தில் இல்லாததைத்தான் விடுகிறோம். அதோடு, நம் எல்லை எங்கே என்பது சர்வேயர் அளந்து கல் போட்டு, வரைபடத்தோடு இப்போது உறுதியாகிறது. அடுத்தவர் வழியை அடைத்து வைத்துக்கொண்டு நம் நிலத்தை ஆக்கிரமிக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது?

மூன்றாவது மீனவ ஊர்ப் பஞ்சாயத்தார். அவர்களிடம் நாங்களே போனோம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஜமாஅத் பள்ளிவாசலையும் மண்டபத்தையும் திறந்துவிட்டுக் கரையோர ஊர்களுக்கெல்லாம் சோறு போட்டது. அந்த உறவு இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. ஆனால் உறவு வேறு, வலை வேறு. பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டார்: ‘பாய், தண்ணி எல்லாருக்கும் பொதுதான். வலை எங்களுது. புள்ளைங்க துடுப்பு பட்டு நண்டு வலை அறுந்தா யாரு கொடுப்பா?’

‘நாங்க கொடுக்கிறோம் அண்ணே’ என்றோம்.

‘கொடுப்பீங்க. அதுக்கு முன்னாடி அறுக்காம பாத்துக்கங்க’ என்றார்.

அவரே வழியும் சொன்னார். சந்து முனையிலிருந்து கிழக்கே முகத்துவாரம் பக்கம் போகவே கூடாது. வற்றத்தில் இழுப்பு கடலுக்குப் போகும், பெரிய ஆளையே இழுத்துவிடும். மேற்கே, ஆற்றின் மேல்பக்கம் மட்டும் போகலாம். வலை போட்டிருக்கும் இடத்தில் அவர்கள் மிதவையில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணி தெரிகிற இடத்துக்குப் பிள்ளைகள் போகக் கூடாது. இன்ஜின் படகு வரும் நேரம் முடிந்து 7 மணிக்கு இறக்கி, 9 மணிக்குள் கரை ஏறிவிட வேண்டும். பிறகு கடற்காற்று ஏறிவிடும். அவர்கள் ஊரிலிருந்து ஒரு பாதுகாப்புத் தோணியும் ஆளும் சனிக்கிழமைதோறும் கூட வரும். அதற்குக் கூலி நாம் கொடுக்கிறோம். எந்தப் புத்தகத்திலும் நாம் படித்திருக்க முடியாத பாடத்தை ஒரு மரத்தடியில் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக இவர்களைக் கேட்காமலா பயிற்சி நடத்தினோம் என்று அப்போது தோன்றியது.

நான்காவது ஆட்சேபம்தான் மிக முக்கியம். ஆற்றுக்கு வழி திறந்தால் பிள்ளைகள் தனியாகப் போய் மூழ்கிவிடுவார்களே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாங்கள் லேசாகப் பதில் சொல்ல மாட்டோம். மூன்று வருடத்துக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் இதே ஆறு நம் ஊர்ப் பிள்ளை ஒருவனைக் கொண்டுபோனது. அந்த வீட்டார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இதைப் பேசலாமா என்று அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டே பேசுகிறோம். அந்தப் பிள்ளை போனபோது வேலி இருந்தது, பூட்டும் இருந்தது. வேலியின் கடைசியில் கம்பியை வளைத்து நான்கு பையன்கள் போனார்கள். ஆள் பார்வை இல்லாத இடம் என்பதால்தான் அங்கே போனார்கள். கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை. நால்வரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. வேலி அவர்களைத் தடுக்கவில்லை, காப்பாற்ற வருகிறவரைத்தான் தடுத்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர் பூட்டை உடைக்கக் கல் தேடியதை அவரே எங்களிடம் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் 29 வயதுக்குக் கீழே. வங்கதேசத்தில் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர்க் குளத்திலேயே மூங்கில் தட்டி கட்டி, ஆழத்தை அளவாக்கி, ஊர்க்காரர்களையே பயிற்சியாளர்களாக்கி, ஒரு பிள்ளை 25 மீட்டர் நீந்தவும் 30 நொடி மிதக்கவும் கற்றுக்கொள்ளும் வரை சொல்லிக் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நம்மைப் போன்ற மக்கள், நம்மைப் போன்றே வீட்டு வாசலில் தண்ணீர். அவர்கள் தண்ணீரை மூடவில்லை.

நாமோ மரைக்காயர் ஊர் என்று பெருமை பேசுகிறோம். மரக்கலம் என்ற சொல்லோடு சேர்த்தே அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பாட்டனார் கப்பலில் போனார், பேரனுக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்கத் தெரியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தையும் பேசிவிடுவோம், ஏனென்றால் பயிற்சி நின்றதும் சில வீடுகளில் ‘நல்லதாய்ப் போயிற்று’ என்று சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. போன வாரம் ஒரு மூத்த பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். எண்பது வயது இருக்கும். சந்து திறப்பதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுபுஹுக்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்கள் கூட்டமாக அந்தச் சந்து வழியாகத்தான் ஆற்றுக்குப் போவார்களாம். பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடு ஆறு வரை மிதந்து போய் வருவார்களாம். ‘எங்க உம்மா எனக்கு அப்படித்தான் நீச்சல் சொல்லிக் கொடுத்தாங்க. குடத்தை மெல்ல உருவிட்டுப் போய்ட்டாங்க, நான் மிதந்தேன்’ என்று சிரித்தார்கள். ‘உங்க பேத்திக்குத் தெரியுமா பெரியம்மா?’ என்றோம். ‘வேலி போட்டுட்டீங்களே வாப்பா’ என்றார்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குவோம். நம் ஊர் மருமகளாக வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். முழுக்கை, முழுக்கால் உடையும் தலைத்துணியும் அணிந்துகொண்டு கயாக் தள்ளலாம்; ஈரமானால் கனக்காத துணியாக இருந்தால் போதும். தாய்மார்கள் கரையில் வந்து உட்காரலாம். வேண்டுமானால் நீங்களும் இறங்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் பள்ளிக்கூடத்தாரும் நாங்களும் எழுதி ஒப்புக்கொண்டது சிலவற்றைச் சொல்கிறோம். முதலில் ஆழமில்லாத இடத்தில் மிதக்கக் கற்றுக்கொண்ட பிறகே துடுப்பு. லைஃப் ஜாக்கெட் போடாத பிள்ளை கயாக்கைத் தொடக் கூடாது, ஒரு புகைப்படத்துக்குக்கூட. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் இருந்த பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தச் செய்தியை வெட்டி நம் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஜாக்கெட் பிள்ளையின் எடைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். பெரிய ஆளுடையதைப் போட்டால் பிள்ளை கீழே வழுக்கிப் போகும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். கையில் இருப்பதில் 9 ஜாக்கெட் நைந்துவிட்டன. புதிதாக 12 வாங்க வேண்டும். வசதியுள்ளவர்கள் ஒன்றோ இரண்டோ பொறுப்பேற்கலாம். பெயரை அதன்மேல் எழுத வேண்டாம், பிள்ளைகள் அளவை எழுதிக்கொள்ளட்டும்.

படித்துறை கட்டித் தருகிறேன் என்று வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர் ஒருவர் முன்வந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் அதை இப்போது ஏற்க முடியவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடற்கரைக்கு மட்டுமல்ல, ஏற்றவற்றம் உள்ள ஆற்றுக்கரைக்கும் பொருந்தும். கான்கிரீட் போட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கட்டிவிட்டு நாளைக்கு இடிக்க வந்தால் அந்தக் காட்சியை நாம் பார்க்க வேண்டாம். அதோடு, கல் படி மறுபடியும் சிப்பி பிடிக்கும். கப்பல்காரச் சகோதரர் சொல்வது எளிய ஏற்பாடு: காலி பிளாஸ்டிக் டிரம்களின்மேல் பலகை அடித்த மிதவை மேடை. தண்ணீர் ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். மழைக்காலத்தில் அவிழ்த்துக் கரையில் தூக்கி வைத்துவிடலாம். ஒரு பக்கம் தாழ்வாக இருக்கும். இறால் கூடையை இறக்கி வைக்க வசதி. அதற்கும் பேரூராட்சியிலும் நீர்வளத் துறையிலும் எழுத்தில் கேட்டிருக்கிறோம்; பதில் வந்த பிறகே மேடை இறங்கும். அதுவரை மணல் சரிவே போதும், பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நோட்டுப் புத்தகம் ஒன்று சுற்றி வரும். சந்தைத் திறக்கச் சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறோம். சம்மதமில்லாதவர்கள் காரணத்தை ஒரு வரியாவது எழுதினால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து பேசுகிறோம். திரைக்கு அந்தப் பக்கம் தனி நோட்டு வரும். தாய்மார்களின் கையெழுத்தும் சமமாகவே எண்ணப்படும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நோட்டு எப்படித் திறப்பது, எப்போது திறப்பது என்பதற்காகத்தான். திறக்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பத்திரம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

எல்லாம் சரியாக அமைந்தால் அடுத்த சனிக்கிழமை சுபுஹுக்குப் பிறகு கம்பம் பிடுங்குகிறோம். குத்தகைதாரரும் வருகிறார், மீனவ ஊரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். இருளர் பெண்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கடப்பாரையும் மண்வெட்டியும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். முள்கம்பிக்குக் கையுறை வேண்டும். சின்னப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் செருப்புப் போட்டு அழைத்து வாருங்கள்; கரையோரத்தில் இன்னும் கண்ணாடித் துண்டு கிடக்கிறது, அதைப் பொறுக்கி எடுப்பதுதான் அன்றைக்கு முதல் வேலை. காலைப் பசியாறல் இடியாப்பம், தோப்பு வாசலில்.